எந்த விதி?

வைக்கோல் பொம்மை ஒன்று அந்தக் கட்டடத்தின் நெற்றியிலே தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த காற்சட்டை, பொத்தான் இல்லாத சட்டை, கரியால் தீட்டிய மீசை, பிதுங்கிய விழி, நீட்டிய நாக்கு. தலையிலே மஞ்சள் நிறத் தலைக்கவசம்! ஊரார் கண் படாதிருக்கக் கட்டிவைத்த திருஷ்டிப் பொம்மை. மூன்று மாடி முடிந்து நான்காவதற்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த அந்த இடத்தில் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுவோர், முட்டுக் கொடுப்போர் எனப் பதினொருவர் பாடுபட்டனர். அந்தப் பதினொருவரில் ஒருவர் தலையிலும் கவசம் இல்லை. கவசம் பூண்டு காட்சி தந்தது வைக்கோல் திணித்த தலை ஒன்றுதான்!

அந்தச் சாரத்திலிருந்துதான் ஒருநாள் முற்பகலில் ஒரு கொத்தனார் விழுந்தார். சவுக்குக் கட்டைகளைப் பிணைத்திருந்த கயிறு மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து இற்றுப்போயிருந்தது. பலகை சாய்ந்தது. கையிலிருந்த கரணை முதலில் விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார். உயிர் போகவில்லை. முதுகெலும்பு முறிந்தது.

கூட்டம் கூடிற்று. கூடிய கூட்டம் பேசிற்று. "கட்டடம் காவு கேட்டது, வாங்கிக்கொண்டது" என்றார் ஒரு முதியவர். "எல்லாம் அவன் தலையெழுத்து" என்றார் மேஸ்திரி. "பார்த்து நிற்கக் கூடாதா? இத்தனை ஆண்டு வேலை செய்தவனுக்குக் கவனம் வேண்டாமா?" என்றார் பொறுப்பாளர். காவு, தலையெழுத்து, கவனக்குறைவு! மூன்று தீர்ப்புகள் ஐந்து நிமிடத்திற்குள் வழங்கப்பட்டுவிட்டன. அறுந்து தொங்கிய கயிற்றை மட்டும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கொத்தனாரின் மகன் நம்மிடம் பயில்பவன். ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வந்தான். அன்றைய பாடம் திருக்குறள். அதிகாரம் 38, ஊழ். வேண்டுமென்று அமைத்ததல்ல, பாடத்திட்டம் அப்படி வந்து நின்றது. சிறுவன் எழுந்தான். "ஐயா, ஊழ் என்றாலும் விதி என்றாலும் ஒன்றுதானா?" என்றான். அகராதி அப்படித்தான் சொல்கிறது என்றோம். "அப்படியானால் எங்கள் அப்பா விழுந்தது விதிதானா, ஐயா?"

பகுத்தறிவுப் பாசறையிலே பயின்ற நமக்கு விடை நாக்கு நுனியிலேயே இருந்தது. "விதி என்று ஒன்று கிடையாது, தம்பி" என்றோம். சிறுவன் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் நாம் சொன்ன விடை எவ்வளவு ஏழைத்தனமானது என்பது விளங்கிற்று. விதி என்ற சொல்லிலே அவன் குடும்பத்துக்கு ஒரு தலையணையாவது இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டோம். பிடுங்கிய இடத்தில் எதை வைத்தோம்? விதி இல்லையென்றால் யார்? அதுவல்லவா அவன் கேட்காமல் கேட்ட கேள்வி!

தோழர்களே, விதி இல்லை என்று மேடையில் முழங்குவது பாதி வேலை. மீதிப் பாதியை நாம் செய்திருக்கிறோமா?

நம் மொழியிலே விதி என்ற ஒரே சொல் மூன்று பொருளுக்கு வேலை செய்கிறது. நெற்றியில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் விதி ஒன்று. நியூட்டன் கண்டு சொன்ன இயற்கை விதி இரண்டாவது. அரசு அச்சிட்டு வெளியிடும் சட்ட விதி மூன்றாவது. முதல் விதியை யாரும் கண்டதில்லை. இரண்டாவது விதி யாரையும் விட்டதில்லை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவன் ஒன்றரை விநாடிக்குள் தரையைத் தொடுகிறான். தொடும்போது அவன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். முதலாளி விழுந்தாலும் அதே வேகம்தான், மூட்டை தூக்குபவன் விழுந்தாலும் அதே வேகம்தான். சாதி பாராத, சலுகை காட்டாத, இலஞ்சம் வாங்காத விதி அது! மூன்றாவது விதியோ, இரண்டாவதன் கடுமையை அறிந்த மனிதன் தன் அறிவால் ஆக்கிய தற்காப்பு. சாரத்துக்குக் கைப்பிடி வேண்டும், கீழே வலை வேண்டும், இடுப்பில் கச்சை வேண்டும் என்கிறது அது. இயற்கை விதி தன் வேலையைச் செய்கிறது. சட்ட விதி செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த உடலைத் துணி போட்டு மூடத்தான் முதல் விதி அழைக்கப்படுகிறது.

வானத்தின் மேல் பழி போடுவது எளிது. வானம் வழக்குத் தொடுக்காதல்லவா?

சென்னையை அடுத்த மவுலிவாக்கத்திலே, 2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த நேரத்தில், கட்டி முடியாதிருந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், நம் மாநிலத்தவர்கள் எனப் பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே இடிபாட்டுக்குள் கிடந்தனர். இடிபாட்டைக் குடைந்து 27 பேரை உயிரோடு மீட்டார்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர் தரப்பிலே சொல்லப்பட்டது. இடி! இந்திரன் ஆயுதம்! அவன்மீது எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது?

ஆனால் அந்த வளாகத்திலே இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று விழுந்தது, இன்னொன்று நின்றது. நின்றதை என்ன செய்தார்கள்? தூணிலும் வடிவமைப்பிலும் பிழை என்று வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்ன பின், அது ஆபத்தானது என முடிவுகட்டி, 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடி வைத்துச் சில விநாடிகளில் தகர்த்தார்கள். இடி விழுந்ததால் முதற்கட்டடம் சாய்ந்தது என்றால், இடி விழாத இரண்டாவது கட்டடத்தை ஏன் இடித்தார்கள்? இந்த ஒரு கேள்வியை எதிர்கொள்ள முடியுமா இந்திரனின் வழக்கறிஞர்களால்?

விதி வெல்லற்கரியது என்போருக்கு இன்னொரு ஊர்க் கதையும் சொல்லலாம். அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோ நகரில் 1933இல் தொடங்கி 1937இல் திறக்கப்பட்டது கோல்டன் கேட் பாலம். கடல்வாயின் மேல், காற்றிலே, பனியிலே கட்டப்பட்ட பாலம். அந்நாளில் அந்நாட்டுப் பாலக்கட்டுநர்களிடையே ஒரு கணக்கு உண்டு: செலவாகும் ஒவ்வொரு பத்து இலட்சம் டாலருக்கும் ஓர் உயிர்! பாலத்தின் செலவோ மூன்றரைக் கோடி டாலர். கணக்கின்படி 35 பேர் சாகவேண்டும். நம்மவர் காவு என்கிறார்கள். அவர்கள் மதிப்பீடு என்றார்கள். பெயர்தான் வேறு.

பாலத்தின் தலைமைப் பொறியாளர் சோசப் சுட்ராசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தலைக்கவசம் கட்டாயம் என்றார். பாலத்தின் அடியிலே நெடுக வலை கட்டினார். வலைக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,30,000 டாலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. அந்த வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். நரகத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பியவர்கள் என்று தங்களைத் தாங்களே கேலியாக அழைத்துக்கொண்டார்கள் அவர்கள். அந்தப் பத்தொன்பது நெற்றிகளிலும் பிரமன் எழுதியது என்ன ஆயிற்று? கயிற்று வலை அழித்துவிடும் எழுத்தையா எழுதினான் அவன்?

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லவேண்டும். 1937 பிப்ரவரி 17 அன்று, கனத்த மேடை ஒன்று பிய்த்துக்கொண்டு விழுந்து வலையையும் கிழித்துச் சென்றது. பத்துப் பேர் மாண்டார்கள். அதற்கு முன் ஒருவர். ஆக 11 பேர். வலை மந்திரமல்ல. மனிதனைத் தாங்கக் கட்டிய வலை, அந்தப் பளுவைத் தாங்கவில்லை. ஆகவே மேடையை இன்னும் உறுதியாகப் பிணைத்திருக்கவேண்டும் என்று பேசுகிறது அறிவு. அடுத்த முறை தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்குவோம் என்று பேசுகிறது மடமை.

தலையெழுத்தைப் பேசுகிறவனோடு வாதாடுவது எளிது. படித்தவர் ஒருவர் வருவார், பகுத்தறிவும் பேசுவார்; "விதியும் இல்லை, காவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கவனமாக நின்றிருக்கலாம் அல்லவா?" என்பார். இவரோடு வாதாடுவதுதான் கடினம், ஏனெனில் இவர் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மனிதன் கவனம் தவறுவான். காலையில் எழுந்து, பேருந்தில் தொற்றி, வெயிலில் எட்டு மணி நேரம் செங்கல்லோடு செங்கல்லாக வெந்தவன் ஒரு நொடி கண் கலங்குவான். ஆசிரியர் நாம் கரும்பலகையில் கணக்கைத் தப்பாக எழுதுகிறோம், அழித்துவிட்டுத் திருத்துகிறோம். எழுத்தர் தேதியைத் தப்பாகப் போடுகிறார், அடித்து எழுதுகிறார். கொத்தனார் காலைத் தப்பாக வைத்தால் மட்டும் திருத்த இடமில்லை! எந்தத் தொழிலிலும் தவறு செய்யாத மனிதன் இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்கும்போது, தவறு செய்தால் சாவு என்றிருக்கும் இடத்தில் மனிதனை நிறுத்தி வைத்தவன் குற்றவாளியா, தவறியவன் குற்றவாளியா? கைப்பிடியும் வலையும் எதற்கு? கவனமாக இருப்பவனுக்கா? கவனம் தவறும் நொடிக்காகத்தானே!

சட்டம்கூட இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. வெள்ளையன் ஆண்ட காலத்தில், 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்றது. முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்கவேண்டிய பளுவைத் தொழிலாளி தலையில் ஏற்றவில்லை. குடித்திருந்தான், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றி எறிந்தான் என்று முதலாளி வாதாட வழி வைத்தது; ஆனால் உயிரே போய்விட்டால் அந்த வாதமும் செல்லாது என்றது. நம் கட்டடப் பொறுப்பாளரும் கச்சையைக் கையில் பிடித்துக் காட்டினார்: "இதோ இருக்கிறது, அவன்தான் கட்டிக்கொள்ளவில்லை." பதினொருவருக்கு ஒரு கச்சை! அதுவும் பொறுப்பாளர் அறையில் ஆணியில் தொங்கிற்று, உறை பிரிக்காமல். கொடுக்காததைக் கழற்றி எறிவது எப்படி?

"ஆபத்து என்று தெரிந்துதானே வந்தான்? கூலியும் வாங்கிக்கொண்டானே?" இது அடுத்த கணை. தெரிந்துதான் வந்தான். ஒரு பக்கம் பசி, மறுபக்கம் பாழுங்கிணறு. நடுவே நிற்பவன் கிணற்றுப் பக்கம் நகர்ந்தால், விரும்பித்தானே நகர்ந்தாய் என்று கேட்பது வாதமா? கூலி அவன் உழைப்புக்குக் கொடுக்கப்பட்டது. முதுகெலும்புக்கு விலை பேசப்படவில்லை. பேசப்பட்டிருந்தாலும், விற்கக் கூடாத பொருளை வாங்கியவன் வணிகனாக மாட்டான்.

விழுந்து சாகிறவனுக்காவது ஒரு கூட்டம் கூடுகிறது. விழாமல் சாகிறவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கருங்கல்லை அறுக்கும்போதும், தளத்துக்குப் பதிக்கும் ஓடுகளை எந்திரத்தால் வெட்டும்போதும் வெள்ளைப் புகைபோல் ஒரு தூசு எழுகிறதே, கண்டிருப்பீர்கள். அதிலே கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் இருக்கிறது. மூச்சோடு நுரையீரலின் கடைசி அறை வரை செல்கிறது, அங்கே தழும்பாகிறது, தழும்பு வளர்கிறது. ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூச்சு இரைக்கிறது. மருத்துவர் பல நேரம் காசநோய் என்கிறார். உண்மையில் அந்தத் தூசு காசநோய்க்கும் கதவு திறந்துவிடுகிறது. வந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. வராமல் தடுக்கவோ பெரும்பொருள் வேண்டியதில்லை. அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஒழுக வேண்டும், மூக்குக்குத் தகுந்த மூடி வேண்டும். ஒரு வாளித் தண்ணீர்! பூமி பூசைக்குக் கும்பத்தில் கொட்டுகிற தண்ணீரைக் கொஞ்சம் இங்கே கொட்டக் கூடாதா? இறக்கும்போது அந்த மனிதன் எந்தக் கட்டடத்திலும் இல்லை. பத்து மேஸ்திரிகளிடம் வேலை செய்து முடித்து, ஊரில் திண்ணையிலே இருமிக்கொண்டிருக்கிறான். எந்த முதலாளியைக் கேட்பது? பழி சொல்ல ஆள் இல்லாத இடத்தில் விதி இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபி, கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனைக் கொல்லவேண்டும் என்று கல்லில் பொறித்தான். வீட்டுக்காரன் மகன் செத்தால் கட்டியவன் மகனைக் கொல்லவேண்டுமாம். அடிமை செத்தால் இன்னோர் அடிமையைக் கொடுத்துவிட்டால் போதுமாம். கொடிய நீதிதான். ஆனால் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சிரிக்குமுன் இழப்பீட்டுக் கணக்குகளைப் பார்க்கவேண்டும். ஆளுக்கு ஆள் என்று அவன் கொடுத்தான். ஆளுக்கு இவ்வளவு ரூபாய் என்று நாம் கொடுக்கிறோம். அறுந்த கயிறு அப்படியே இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன்கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். 1996இல் இந்திய அளவிலே கட்டடத் தொழிலாளர் சட்டம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிடவேண்டும் என அதே ஆண்டில் இன்னொரு சட்டம். 2020இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புக்குள் பழைய சட்டம் கரைக்கப்பட்டது. தாளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொழிலாளர் பெயரால் திரட்டிய அந்தப் பணத்தில் மடிக்கணினியும் துணி துவைக்கும் எந்திரமும் வாங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி 2017இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதிபதிகளே திகைத்தார்கள். சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாளுக்கு மடிக்கணினி!

சித்தாள் என்றதும் ஒரு செய்தி. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை நிற்கிறது. 1959இல் நிறுவியது, தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்தது. சிங்காரவேலர் 1923இல் மே நாள் கொண்டாடிய கடற்கரை அது. நால்வர் பாறையை நெம்புகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் நம் தோள் புடைக்கிறது. நால்வரும் ஆடவர். கலவை சுமந்து, செங்கல் சுமந்து, பிள்ளையையும் சுமக்கும் பெண் அங்கே இல்லை. இருபது ஆண்டு சுமந்தாலும் அவள் சித்தாளாகவே இருக்கிறாள்; நேற்று வந்த பையன் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடம் இல்லாததால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமலே கோடை வெயிலில் நிற்கிறாள். இதுவும் பாதுகாப்புக் கேள்விதான். ஆனால் எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது.

இனி, கசப்பான பகுதி. நம்மைப் பற்றியது.

நம் தோழர் ஒருவர் வீடு கட்டினார். பூமி பூசை இல்லை, நல்ல நேரம் இல்லை, வாஸ்து இல்லை; இராகு காலத்திலேயே கடைக்கால் தோண்டினார். நாம் எல்லோரும் சென்று கை தட்டினோம். அந்த வீட்டுக்குச் சாரம் கட்டும் செலவு பேசும்போது மட்டும், "பழைய கட்டையே போதும், இரண்டு மாடிதானே" என்று பேரம் பேசினார். நாமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், தேநீர் குடித்துக்கொண்டு. வாய் திறக்கவில்லை. வாஸ்துவை வெளியேற்றியதால் மிச்சமான பணம் எங்கே போயிற்று? திருஷ்டிப் பொம்மை அங்கே தொங்கவில்லை, தலைக்கவசமும்தான் தொங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் விழவில்லை. அதனால் நாம் குற்றமற்றவர்கள் ஆகிவிட்டோமா?

இன்னொன்று. இன்று நம் நகரங்களின் சாரங்களில் பீகாரும் ஒடிசாவும் வங்கமும் நிற்கின்றன. எச்சரிக்கைப் பலகையோ தமிழிலும் ஆங்கிலத்திலும் நிற்கிறது. அவர்கள் படிக்கும் எழுத்தில் பலகை வைக்கவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் நாம் சொன்னபோது, தோழர் சிலர் முகம் சுளித்தார்கள். 1965இல் உயிர் கொடுத்த மண்ணில் இந்திப் பலகையா என்றார்கள். மொழியை ஆட்சிக் கட்டிலில் ஏற்றுவதைத்தான் எதிர்த்தோம், எதிர்க்கிறோம், எதிர்ப்போம். மின்கம்பி ஓடும் இடத்தில் "தொடாதே" என்று ஒருவன் தாய்மொழியில் எழுதுவது ஆதிக்கமா? மவுலிவாக்கத்து இடிபாட்டிலிருந்து எழுந்த முனகலில் எத்தனை மொழி கலந்திருந்ததோ! மீட்க ஓடியவர்கள் மொழி கேட்டா கை நீட்டினார்கள்?

வள்ளுவர் அதிகாரம் 38இல் ஊழைப் பாடினார். 62இல் ஆள்வினையுடைமையைப் பாடி, சோராமல் முயல்பவன் ஊழையே புறங்காணச் செய்வான் என்ற கருத்தைச் சொன்னார். முன்னதைச் சொல்லிவிட்டுப் பின்னதைச் சொல்லாமல் விட்டால் அரைப் பாடம் ஆகும். ஆனால் அந்தச் சிறுவனுக்கு அந்த அதிகாரத்தை நடத்தும்போது ஒன்றைத் தெளிவாக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். உன் தந்தையின் முயற்சியில் குறை இல்லை. பதினெட்டு ஆண்டு சுவர் எழுப்பியவர் அவர். முயற்சி தவறியது கயிறு மாற்றவேண்டியவரிடம். அவரிடம் கேட்கவேண்டும். விதி இல்லை என்பதன் பொருள் அதுதான்: கேட்பதற்கு ஆள் இருக்கிறார்.

கேட்கவும் போனோம். தோழர் இருவரையும் அழைத்துக்கொண்டு, ஞாயிறு கழிந்த திங்களன்று, அந்தக் கட்டடத்துக்கு. கொத்தனாரின் வாரிய அட்டை புதுப்பிக்கப்படாமல் கிடந்ததையும், இழப்பீட்டு மனு கொடுக்கப் போவதையும் சொன்னோம். கயிறு எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டோம். தலைக்கவசம் எங்கே என்று கேட்டோம். பொறுப்பாளர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேலே பார்த்து ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், புதிய கயிறு கட்டாத அதே சாரத்தின் வழியே, வெறுங்காலோடு மேலேறிப் போய், வைக்கோல் பொம்மையின் தலையிலிருந்த மஞ்சள் கவசத்தைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டான். அதன் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"போதுமா, ஐயா?" என்றார் பொறுப்பாளர்.

சாரத்தின்மேல் இன்னும் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.